செட்டக்கா எடுத்த சுருள் படம்

செட்டக்காவுக்கு மனிதர்களின் வாய் பிடிக்காது. அதிலிருந்து வருகிற பேச்சு அதைவிடப் பிடிக்காது. ஆனால் பாருங்கள், இருபத்தாறு வருடமாக வாய்களை வைத்துத்தான் அவள் பிழைப்பு. பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயில் எடுத்த அச்சை அவளுடைய பட்டறைக்கு அனுப்புவார்கள். அவள் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு பிடித்து, பல்லை வரிசை கட்டி, தேய்த்து மெருகேற்றி, முழு செட்டாகத் திருப்பி அனுப்புவாள். அச்சு கொண்டுவருகிறவர்கள் வைத்த பெயர்தான் செட்டக்கா. அவள் செய்த பல்லைப் போட்டுக்கொண்ட ஒருவரிடம் அவர் சம்சாரமே மூன்று மாதம் கழித்து, "பல் வலி எப்படி இருக்கு?" என்று விசாரித்ததாக ஒரு கதை உண்டு. அதை அவளே பரப்பியிருக்கலாம்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம், "தினமும் முப்பத்திரண்டு பல்லோட மல்லுக்கட்டறேன், வீட்டுலயும் வேணுமா?" என்பாள். நாற்பது வயதுக்கு மேல் அவளுக்கு வானத்தின் மேல் ஆசை வந்தது. ஒரு தொலைநோக்கியும், அதன் பின்பக்கத்தில் திருகி மாட்டுகிற கேமராவும், வானம் நகர்கிற வேகத்திலேயே நகர்கிற மோட்டாரும் ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். "பகல் பூரா பொய்யைச் செய்யறேன். ராத்திரியாவது ஒரு நிஜத்தப் பாக்கறேன்" என்பது அவள் சொல்லிக்கொண்ட காரணம். உண்மைக் காரணம், மொட்டை மாடியில் பேச ஆளில்லை என்பதாக இருக்கும்.

வீடு அவளுக்கும் தம்பிக்கும் பொது. கீழ்த்தளம் அவளுக்கு. மேல்தளம் தம்பிக்கு. அதற்கு மேல் மொட்டை மாடி இருவருக்கும். தம்பி வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். பயிற்சி வண்டியில் இவன் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. வீட்டிலும் அவன் வேலை அதுதான்: அக்கா வேகமெடுத்தால் இங்கே ஒரு அழுத்து, பெண்டாட்டி வேகமெடுத்தால் அங்கே ஒரு அழுத்து. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதை அவனைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

தம்பி பெண்டாட்டி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். செட்டக்கா அவளைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. வெளியாட்களிடம் "அந்தக் கண்ணாடிக்காரி". பகை தொடங்கியது பதினோரு வருடத்துக்கு முன், பெண் பார்க்கப் போன அன்றே. எல்லோரும் புன்சிரிப்போடு உட்கார்ந்திருந்தபோது செட்டக்கா பெண்ணின் முகத்தை உற்றுப் பார்த்து, "முன்பல் ரெண்டும் கொஞ்சம் தூக்கலா இருக்கு. கவலைப்படாதம்மா, நான் சரி பண்ணித் தரேன்" என்றாள். சத்தியமாக அன்போடுதான் சொன்னாள். பெண் தலையை நிமிர்த்தி, "உங்களுக்குக் கிட்டப் பார்வை போயிடுச்சு போல அண்ணி. கடைக்கு வாங்க, பாத்து நல்ல கண்ணாடியாத் தரேன்" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து கீரியும் பாம்பும் என்றால் கீரிக்கும் பாம்புக்கும் கோபம் வரும்.

மொட்டை மாடிதான் போர்க்களம். துணி காயப்போடும் கொடி தொலைநோக்கியின் பார்வையை மறைக்கிறது என்று இவள். தொலைநோக்கிக்காகக் கட்டின சிமெண்ட் தூண் துணியைக் கிழிக்கிறது என்று அவள். தம்பி கடைசியில் ஒரு காகிதத்தில் நேரம் எழுதி மாடிக் கதவில் ஒட்டினான். காலை ஐந்து முதல் மாலை ஏழு வரை துணி. ஏழு முதல் ஐந்து வரை தொலைநோக்கி. இரண்டு பேரும் அதை நீதிமன்றத் தீர்ப்பு மாதிரி மதித்தார்கள். ஏழுக்கு ஒரு நிமிடம் முன்னால் செட்டக்கா படியேற மாட்டாள். ஏறினால் அந்த ஒரு நிமிடத்துக்காக ஒரு மாதம் பேச்சுக் கேட்க வேண்டும்.

இந்த வருடம் தம்பிக்கு மாடியில் ஒரு அறை கட்டியாக வேண்டும். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இடம் போதவில்லை. நியாயமான ஆசைதான். ஆனால் அறை எழும்பினால் கிழக்கு வானம் போய்விடும். கட்ட அக்காவின் கையெழுத்தும் வேண்டும். நான்கு மாதம் இழுத்தடித்து, செட்டக்கா ஒரு நிபந்தனைக்கு இறங்கி வந்தாள். "அந்தச் சுருள ஒரே ஒரு தடவை ஒழுங்காப் படம் எடுத்துக்கறேன். படம் முடிஞ்ச அன்னைக்கிக் கையெழுத்து. அதுக்கு முன்னாடி எவனாவது செங்கல்லோட ஏறினா, செங்கல்லும் கீழ வரும், அவனும் கீழ வருவான்."

சுருள் என்று அவள் சொன்னது ஒரு சுருள் விண்மீன் மண்டலம். கோடானுகோடி நட்சத்திரங்கள் தண்ணீர்ச் சுழல் போல இரண்டு கைகளை வளைத்துக்கொண்டு கிடக்கிற இடம். அவ்வளவு தூரத்திலிருந்து கிளம்பின வெளிச்சம் ஊர் விளக்குகளைத் தாண்டி வந்து சேர்வதற்குள் இருக்கிறதா இல்லையா என்று ஆகிவிடும். அவள் சேர்ந்திருந்த வானியல் சங்கத்தின் செயலாளர் இதைத்தான் எல்லோர் முன்னாலும் சொன்னார். அவர் மின்சார மீட்டர் பரிசோதகர். சங்கத்தில் மீட்டர்காரர் என்றால்தான் தெரியும். "இந்த ஊர் வெளிச்சத்துல அதோட நடுப்பொட்டு விழும். கை விழாது. செட்டக்கா வேணும்னா பல்லு மாதிரி ஒண்ணு செஞ்சு வெச்சுக்கட்டும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். செட்டக்கா அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். சங்கத்தின் வருடக் கண்காட்சியில் அந்தக் கைகளை மாட்டி மீட்டர்காரரின் வாயை அடைக்க வேண்டும். வாயை அடைப்பது அவளுக்குத் தெரிந்த தொழில்.

நிலா இல்லாத இரவாக, மேகமில்லாத இரவாகப் பார்த்துப் பார்த்து, இரண்டரை மாதத்தில் பதினோரு இரவு எடுத்தாள். ஒரு படத்துக்கு ஐந்து நிமிடம். ஒரு படத்தில் ஒன்றும் தெரியாது. சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. நூறு நூற்றைம்பது படங்களைக் கணினி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் சுருள் மெல்லத் தலைகாட்டும். அது தலைகாட்டியது. கைகள் இரண்டும் விழுந்திருந்தன. செட்டக்கா நாற்காலியை விட்டு எழுந்து போய் ஒரு குவளை தண்ணீர் குடித்துவிட்டு வந்து திரும்பவும் பார்த்தாள். சந்தோஷம் தாங்கவில்லை, சொல்ல ஆள்தான் இல்லை.

படத்தில் மூன்று கருப்பு வளையங்கள் இருந்தன. அதற்கு அவள் கவலைப்படவில்லை. கேமராவின் உள்ளே இருக்கிற கண்ணாடியில் தூசி உட்கார்ந்தால் படத்தில் வளையமாக விழும். எல்லோருக்கும் விழுவதுதான். மருந்தும் உண்டு. விடிகிற நேரமோ பொழுது சாய்கிற நேரமோ, வெறும் வானம் ஒரே சீராக வெளுத்திருக்கும்போது அதையும் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். சங்கத்தில் அதற்கு ஃபிளாட் என்று பெயர். அதில் வேறொன்றும் இருக்காது, தூசி வளையங்கள் மட்டும் இருக்கும். கணினியிடம் இரண்டையும் கொடுத்தால் இதைக் கொண்டு அதைக் கழித்துவிடும், வளையம் போய்விடும். ஒரே ஒரு நிபந்தனை. கேமராவை அசைக்கக் கூடாது. தூசி இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். அதனால் இரண்டரை மாதமாகக் கேமராவைக் கழற்றாமல், தூணின் மேலேயே உறை போட்டுக் கட்டி வைத்திருந்தாள்.

சரி, ஃபிளாட்டை அன்றன்றைக்கு எடுத்திருக்கக் கூடாதா? எடுத்திருக்க வேண்டும். சங்கத்தில் எல்லோரும் அன்றன்றைக்குத்தான் எடுப்பார்கள். ஆனால் கதவில் ஒட்டின காகிதத்தைப் பாருங்கள். விடிவதும் சாய்வதும் ஐந்துக்குப் பிறகும் ஏழுக்கு முன்னும். இரண்டும் துணியின் நேரம். கண்ணாடிக்காரியிடம் போய், "ஒரு அரை மணி நேரம் குடும்மா" என்று கேட்க வேண்டும். கேட்பதற்கு அவள் நாக்கு புரளவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக்காரி தாய்வீடு போகிறாள், அன்றைக்கு ஒரேயடியாக எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறவர்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கும்.

வியாழக்கிழமை மத்தியானம் காற்றும் மழையும் சேர்ந்து வந்தன. செட்டக்கா பட்டறையில் யாருடைய கீழ்த்தாடைக்கோ மெருகு போட்டுக்கொண்டிருந்தாள். அலறியடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், தொலைநோக்கி அவள் வீட்டு மேஜை மேல் ஒரு துண்டின் மீது படுத்திருந்தது. கேமரா தனியாகக் கழன்று பக்கத்தில் இருந்தது. இரண்டும் பளபளவென்று இருந்தன. படியில் உட்கார்ந்து கண்ணாடிக்காரி ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

"யாரு இதத் தொட்டது?"

"நான்தான். உறை பிய்ச்சுக்கிட்டுப் பறந்துடுச்சு. மழைல நனையுதேன்னு ஓடிப் போய்க் கழட்டித் தூக்கிட்டு வந்தேன்."

"கேமராவத் திறந்தியா?"

"உள்ள கண்ணாடில ஆவி புடிச்சிருந்துச்சு அண்ணி. தூசி வேற. எங்க கடைத் துணியால, கடை மருந்து ரெண்டு சொட்டு விட்டு, நல்லாத் துடைச்சு வெச்சிருக்கேன். ஒரு கீறல் இருந்தாக் கேளுங்க."

பதினோரு வருடத்தில் அவள் இந்த வீட்டின் கீழ்த்தளத்துக்குச் செய்த முதல் நல்ல காரியம். அதையும் கடைக்கு வருகிற வாடிக்கையாளருக்குச் செய்கிற மாதிரி அப்பழுக்கில்லாமல் செய்திருந்தாள். செட்டக்கா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எத்தன தூசி இருந்துச்சு?"

"மூணு. ஒண்ணு பெருசு."

"எங்க இருந்துச்சோ அங்கயே வை."

"என்னது?"

"தூசிய. எங்கெங்க இருந்துச்சோ அங்கங்க கொண்டாந்து வை. இப்பவே வை."

கண்ணாடிக்காரி துண்டைக் கீழே போட்டாள். அதற்குப் பிறகு நடந்ததைத் தெரு முழுக்கக் கேட்டது. தம்பி வேலையிலிருந்து வந்தவன், "தூசியத் துடைச்சதுக்கா அக்கா சண்டை?" என்று கேட்டு, இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டான். செட்டக்கா கணினியைத் தூக்கி வந்து தம்பி பெண்டாட்டியின் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"பாரு. பதினோரு ராத்திரி. நல்லாப் பாரு. இந்த மூணு வளையத்த எடுக்கறதுக்கு அந்த மூணு தூசி வேணும். நீ துடைச்சது தூசியில்ல, என் படத்த. வேணும்னேதான் பண்ணினே!"

கண்ணாடிக்காரி பார்த்தாள். இத்தனை நாள் தலைக்கு மேல் நடந்த வேலை என்னவென்று அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பெரிய வளையம் சரியாகச் சுருளின் ஒரு கையின் வளைவில், கை நுனிக்குச் சற்று முன்னால் உட்கார்ந்திருந்தது.

"வேணும்னே பண்றவ எதுக்கு நனைஞ்சுக்கிட்டு ஓடணும்? அங்கயே விட்டிருந்தா உங்க கேமராவே செத்திருக்கும்" என்றாள் பிறகு. "ஒரு வார்த்த சொல்லியிருந்தாத் தொட்டிருக்கவே மாட்டேன்."

"காலைல அரை மணி நேரம் கேட்டிருந்தாக் குடுத்திருப்பியா?"

அவள் உண்மையாகவே யோசித்தாள்.

"மாட்டேன்" என்றாள்.

இருவரும் ஒருவர் சொன்னதை ஒருவர் முழுசாக நம்பியது அன்றைக்குத்தான்.

புதிதாக எடுக்கலாமென்றால் அடுத்த வாரம் முழுக்க மேகம். அதற்கப்புறம் நிலா. நிலா தேய்ந்தபோது சுருள் இருட்டும்போதே கிழக்கைத் தாண்டி, மேற்கே ஊர் வெளிச்சத்துக்குள் சரியத் தொடங்கிவிட்டது. இனி அடுத்த வருடம். அடுத்த வருடம் அங்கே சுவர் இருக்கும். கண்காட்சிக்கு ஐந்து நாள் இருந்தது. செட்டக்கா பட்டறையை மூடிவிட்டு வந்து கணினி முன் உட்கார்ந்தாள். ஒரு வரிசையில் ஒரு பல் இல்லையென்றால் என்ன செய்வாள்? எதிர்ப்பக்கத்துப் பல்லைப் பார்த்து ஒன்று செய்து வைப்பாள். சுருளின் நல்ல கையிலிருந்து ஒரு துண்டை வெட்டினாள். தலைகீழாகத் திருப்பினாள். பெரிய வளையத்தின் மேல் வைத்து ஓரத்தைக் கரைத்தாள். மற்ற இரண்டு வளையமும் வெறும் வானத்தில் இருந்தன, அவற்றை மூடுவது ஒன்றுமேயில்லை. ஈறும் பல்லும் சேருகிற இடம் தெரியாமல் வேலை செய்கிறவளுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்? இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. படம் அழகாக இருந்தது. அவளால் அதை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கண்காட்சி நூலகத்தின் மாடிக் கூடத்தில். தம்பி தன் பயிற்சி வண்டியில் அழைத்துப் போனான். கண்ணாடிக்காரியும் வந்தாள், படம் ஏறினால்தானே கையெழுத்து இறங்கும். மீட்டர்காரர் படத்தின் முன்னால் வந்து நின்றார். கைகளை ஒரு தடவை பார்த்தார். பிறகு அந்த வளைவின் பக்கம் குனிந்தார். நிமிரவேயில்லை.

"செட்டக்கா, இந்த மூணு புள்ளி முக்கோணமா நிக்குது பாருங்க. இதே முக்கோணம் எதிர்க் கையிலயும் நிக்குது. தலைகீழா. இருபது வருஷமா மீட்டர்ல கை வெச்சவங்களப் புடிக்கிறேன். இதுல கை வெச்சிருக்கீங்களா?"

கூடத்தில் நாலைந்து பேர் திரும்பினார்கள். அப்போது பின்னாலிருந்து கண்ணாடிக்காரி முன்னே வந்தாள். கடையில் விலை அதிகமான சட்டத்தை விற்கிற அதே குரலில் பேசினாள்.

"சார், நான் இவங்க வீட்டுலதான் இருக்கேன். படம் எடுத்த உடனே கம்ப்யூட்டர்ல நான் பாத்தேன். அப்பவே இப்படித்தான் இருந்துச்சு. சுருள்னா ரெண்டு கையும் ஒரே மாதிரிதான சார் இருக்கும்? எங்க அண்ணிக்கு வாய்தான் கெட்டது. பொய்ப் படம் எடுக்க மாட்டாங்க."

அவ்வளவு கச்சிதமான பொய். மீட்டர்காரரே தாடையைத் தடவிக்கொண்டு பின்வாங்கினார். சும்மா நின்றிருந்தால் போதும். செட்டக்காவால் சும்மா நிற்க முடியவில்லை. இனி சாகும்வரை இவளைப் படியில் பார்க்கும்போதெல்லாம் இந்தப் பொய்யையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். துணிக் கொடியைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியாது. மற்ற யாரிடம் வேண்டுமானாலும் தலை குனியலாம், இவளிடம் முடியாது. மனசாட்சி பேசியது என்று நான் சொல்ல மாட்டேன். வீம்புதான் பேசியது.

"அவ சொல்றது பொய்" என்றாள் செட்டக்கா, கூடம் முழுக்கக் கேட்கும்படி. "அந்த எடத்துல தூசி வளையம் இருந்துச்சு. நான்தான் எதிர்க் கைய வெட்டி ஒட்டினேன்."

கண்ணாடிக்காரியின் முகம் சிவந்தது. தம்பி தரையில் இல்லாத பிரேக்கை மிதித்தான்.

மீட்டர்காரர் மூலப் படத்தைக் கேட்டார். செட்டக்கா கைபேசியில் திறந்து கொடுத்தாள். அவர் அதைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்.

"கை விழுந்திருக்கே!" என்றார். குரலில் நிஜமான ஆச்சரியம். "வளையத்துக்கு இந்தப் பக்கமும் இருக்கு, அந்தப் பக்கமும் இருக்கு. தூசிக்கு யாரு என்ன பண்ண முடியும்? இதையே கொண்டாந்திருந்தா, நான் தோத்தேன்னு மைக்குல சொல்லியிருப்பேனே செட்டக்கா."

"இப்பச் சொல்லுங்க."

"இப்ப முடியாது." அவர் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். "சீல் உடைச்ச மீட்டர், சரியா ஓடினாலும் நாங்க கழட்டிருவோம்."

அவரே படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, முகம் உள்பக்கமாக வைத்து அவளிடம் நீட்டினார். செட்டக்கா வாங்கிக்கொண்டாள். பதினோரு இரவும், உண்மையாகவே விழுந்திருந்த அந்தக் கைகளும், தான் ஒட்டின அரை விரல் அகலத் துண்டால் போயின என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

தம்பி வண்டியை எடுத்தான். பாதி வழியில் கண்ணாடிக்காரி முன் இருக்கையிலிருந்து திரும்பாமலே வெடித்தாள்.

"உங்களுக்காகப் பொய் சொன்னேன் பாருங்க, என் புத்தியச் செருப்பால அடிக்கணும். நாலு பேர் முன்னாடி என்னப் பொய்க்காரி ஆக்கிட்டீங்க!"

"எனக்காகவா சொன்னே? கையெழுத்துக்காகச் சொன்னே."

"ஆமா, கையெழுத்துக்காகத்தான் சொன்னேன். பின்ன, உங்க மேல இருக்கற பாசத்துலயா?"

"கொஞ்சம் சும்மா வாங்க ரெண்டு பேரும்" என்றான் தம்பி. இரண்டு பேரும் அவன் மேல் பாய்ந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் செட்டக்கா படத்தைச் சுவரோரம் சாய்த்தாள். மேல்தளத்துக்குப் படியேறினாள். அவள் அங்கே ஏறி எத்தனையோ வருடமாகிவிட்டது. "எடு அந்தப் பேப்பர" என்றாள். தம்பி தயங்கித் தயங்கி எடுத்து வந்தான். நின்றபடியே கையெழுத்துப் போட்டாள். கண்ணாடிக்காரி அதை வாங்கி, விளக்குக்கு நேரே பிடித்து, லென்சில் கீறல் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"படம்தான் கீழ எறங்கிடுச்சே. எதுக்குப் போட்டீங்க?"

"படம் முடிஞ்சாப் போடறேன்னு சொன்னேன். முடிஞ்சிருச்சு. உனக்கு நான் எதுவும் பாக்கி வெக்க மாட்டேன்."

கண்ணாடிக்காரி காகிதத்தை மடித்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவியை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

"அந்த வளையம் போட்ட படத்த என்ன பண்ணப் போறீங்க?"

"உனக்கென்ன அதப் பத்தி?"

"புது ரூம்ல கிழக்குச் சுவர் சும்மாதான் இருக்கும்."

"என் படம் உன் சுவர்ல தொங்கணும்னா நான் செத்துத்தான் போகணும்."

"சரி, அப்ப மாட்டிக்கறேன்" என்றாள் கண்ணாடிக்காரி.